விக்கிக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காங்களா? கைகொடுக்கும் குறிப்புகள்

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கினதிலிருந்து இன்றுவரை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள்தான். நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் எழுதவேண்டியது இன்னும் மலைபோலக் கிடக்கிறது, ஆள்தான் பத்தவில்லை. தேடிவந்த ஆளைத் தக்கவைத்துக்கொள்ளச் சில எளிய வழிகள் இதோ, நண்பர்களே!

1. புதுப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' வார்ப்புருவை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "செட்டிகுளம் கட்டுரையில் சின்ன வெங்காயம் பற்றிச் சேர்த்திருக்கீங்க, ரொம்ப நன்றி" என்று அவர் செய்ததைச் சொல்லி ஒரு வரி கூடவே எழுதுங்கள். இப்படி நாலைந்து வரிகளைப் போனில் குறித்துவைத்துக்கொண்டால், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அரை நிமிஷத்தில் அனுப்பிவிடலாம்.

2. அந்தப் பக்கம் இருப்பவர் பத்தாம் வகுப்புப் பிள்ளையா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரா என்று பயனர் பெயரைப் பார்த்துச் சொல்லமுடியாது. 'தம்பி', 'ஐயா' எல்லாம் அவரே சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவரை எல்லோருக்கும் ஒரு வணக்கமும் 'நீங்க'வும் போதும்.

3. அரியலூர் மாவட்டம் உருவான ஆண்டு 2001 என்று ஒருவர் எழுதுவார், 2007 என்று இன்னொருவர் மாற்றுவார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது: 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனி மாவட்டமானது. போதாக்குறைக்கு, 1995-க்கு முந்தைய புத்தகத்தில் இரண்டு ஊருமே திருச்சி மாவட்டம் என்றுதான் இருக்கும்! எனவே புதியவர் போட்ட ஆண்டைச் சட்டென்று அழிக்காமல், "எந்தப் புத்தகத்தில் பார்த்தீங்க?" என்று முதலில் கேளுங்கள். பாதி நேரம் நமக்கே ஒரு புதுத் தகவல் கிடைக்கும்.

4. சாத்தனூர்க் கல்மரம் 12 கோடி ஆண்டு பழமையானது என்று ஒருவர் ஆதாரம் தராமல் எழுதியிருந்தால், 'மேற்கோள் தேவை' என்று முத்திரை குத்தும் நேரத்தில் அந்த மேற்கோளை நாமே தேடிப் போட்டுவிடலாம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த இந்தக் கல்மரம் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையே எழுதியிருக்கிறது. போட்ட பிறகு, "இந்த மாதிரி அடிக்குறிப்பு சேர்க்கணும்" என்று அவருக்கும் காட்டுங்கள். அடுத்த கட்டுரைக்கு அவரே செய்துவிடுவார்.

5. இரண்டே வரியில் கட்டுரை வந்திருக்கிறதா? நீக்கல் வார்ப்புருவை உடனே ஒட்டவேண்டாம். புதியவர்கள் பாதியில் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

6. செய்தித்தாளிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருந்தால் அதை எடுத்துத்தான் ஆகணும், அதில் தயவு கிடையாது. ஆனால் 'காப்புரிமை மீறல்' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தினால் அவர் திரும்பி வரமாட்டார். "செய்தியை மூடி வைத்துவிட்டு, நினைவில் நிற்பதை நாலு வாக்கியமாக எழுதுங்க, நான் சரிபார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

7. வாட்சப்பில் வந்த கங்கைகொண்ட சோழபுரம் படத்தை ஏற்றி, அது நீக்கப்பட்டு மனம் நொந்தவர்கள் உண்டு. கோயிலுக்குப் போகும்போது தாங்களே எடுத்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்றலாம் என்று சொல்லுங்கள், உற்சாகமாகிவிடுவார்கள். வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் கரைவெட்டிக்குப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் நல்லது; 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது.

8. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நம்ம ஊர்க் கட்டுரையில் 'புகையிரதம்' என்று எழுதினால் அது பிழை இல்லை. தமிழ் விக்கிக்கு அடித்தளம் போட்ட இ. மயூரநாதனே யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தானே! சொல்லை மாற்றியே ஆகவேண்டும் என்றால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

9. மீளமைக்கும்போது சுருக்கப் பெட்டியை வெறுமனே விடாதீர்கள். "தகவல் நல்லா இருக்கு, ஆதாரத்தோட திரும்பச் சேருங்க" என்று எழுதப் பத்து விநாடி ஆகுமா? அவர் எழுதியது காணாமல் போகவில்லை, வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பல பேருக்கு இது தெரியாது.

10. சந்தேகம் கேட்டவரை 'விதிமுறையைப் படிங்க' என்று அனுப்பினால் கதை முடிந்தது. முதலில் இரண்டு வரியில் பதில், பிறகு இணைப்பு. பொதுப் பேச்சுக்கு ஆலமரத்தடி, உதவிக்கு ஒத்தாசைப் பக்கம் என்று வழியும் காட்டிவிடுங்கள்.

11. "என்ன எழுதுறதுன்னு தெரியலையே" என்கிறவரிடம் பெரிய தலைப்பு கொடுக்காதீர்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அது மாதிரி அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு, அதற்கு ஆதாரம் தேடவும் கூட நில்லுங்கள்.

12. தட்டச்சு வராத பெரியவர்களைப் போனில் மைக் படத்தைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள், பேச்சு எழுத்தாகிவிடும். ஒற்றுப்பிழை கொஞ்சம் இருக்கும்; அதைத் திருத்துவதை நாம் ஏற்றுக்கொள்வோம்.

13. கல்லூரியில் பயிலரங்கு நடத்தப் போகிறீர்களா? ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் தொடங்க முடியும். ஏழாவது பிள்ளைக்குத் திரை மறுத்துவிடும், அரை நாள் வீணாகும். முதல் நாளே அவரவர் வீட்டில், அவரவர் போன் டேட்டாவில் கணக்கு தொடங்கிவரச் சொல்லிவிடுங்கள்.

14. பயிலரங்கு முடிந்த மறுவாரம் ஒவ்வொருவர் பேச்சுப் பக்கத்திலும் ஒரு குட்டி வேலை போட்டுவையுங்கள். "உங்க ஊர் ஏரிப் படம் ஒண்ணு கிடைக்குமா?" என்பது போல, பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையாக இருக்கட்டும். படம் வந்ததும் அன்றைக்கே கட்டுரையில் சேர்த்து, அவருக்கு இணைப்பை அனுப்பிவிடுங்கள்.