கத்திரிக்கு முன் மோட்டார் ரூமைத் திறந்து பாருங்கள்

பரீட்சை முடிந்துவிட்டது. ஈ.சி.ஆர். பண்ணை வீடுகளிலும் கோவைப் புறநகர் வில்லாக்களிலும் பாசி பிடித்துக் கிடந்த நீச்சல் குளங்களைக் கழுவும் வேலை தொடங்கியிருக்கும். தண்ணீரை அப்புறம் கவனிக்கலாம். முதலில் மருந்து வைத்திருக்கும் மோட்டார் ரூமைப் பாருங்கள். குளத்தில் அளவாகக் கரைந்த குளோரினால் பெரிய ஆபத்தில்லை. டப்பாவில் இருக்கும்போதும் வாளியில் கலக்கும்போதும்தான் அது ஆளைச் சாய்க்கும்.

கதவைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள். கொஞ்ச நேரம் காற்றோட விடுங்கள். குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். குனிந்து டப்பாவை எடுப்பவரின் மூக்குக்கு நேராக நிற்கும். போன வருஷத்து டப்பா உப்பியிருந்தாலோ, மருந்து ஈரம் கோத்துக் கட்டிதட்டியிருந்தாலோ, உடைத்துப் பயன்படுத்தப் பார்க்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம். விற்ற கடைக்காரரிடம் பேசி, தக்க முறையில் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அறையில் ஜெனரேட்டர் டீசல், பெயின்ட், தின்னர், தோட்டத்து உரம் இருந்தால் இன்றே வேறிடம் மாற்றுங்கள். குளோரின் மருந்து தானாக எரியாது, ஆனால் எண்ணெயும் உரமும் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. கடையில் ‘குளோரின்’ என்றே பெயர் சொல்லி இரண்டு சரக்கு விற்கிறார்கள். தூளாகவோ குருணையாகவோ வருவது பெரும்பாலும் கால்சியம் ஹைப்போகுளோரைட், வீரியம் சுமார் 65 சதவீதம். மாத்திரையாக வரும் ‘டி.சி.சி.ஏ. 90’ வேறு ரசாயனம். இரண்டும் வெள்ளை, இரண்டிலும் ஒரே நெடி. கொஞ்சம் ஈரத்தோடு இவை கலந்தால் வெடிக்கும். மாத்திரை மிதக்கவிடும் கூடையில் மாத்திரை தீர்ந்துவிட்டதே என்று தூளைக் கொட்டுவதும், ஒரே கரண்டியால் இரண்டையும் அள்ளுவதும்தான் வழக்கமான தவறு. கரண்டி, வாளி இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பெயர் எழுதி ஒட்டுங்கள். என்னைக் கேட்டால், வீட்டுக் குளத்துக்கு ஏதாவது ஒரு வகையை மட்டும் வாங்குவதே புத்திசாலித்தனம். அதுவும் இந்தக் கோடைக்குப் போதுமான அளவுக்குத்தான். மலிவு என்று பெரிய டிரம் வாங்கினால், வெயிலில் வீரியம் போய் வீணாகும்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 40,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் குளோரின் அளவை 2 பிபிஎம் உயர்த்த, 65 சதவீதத் தூள் ஏறக்குறைய 125 கிராம் போதும். தராசில் நிறுத்துப் போடுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். பொழுது சாய்ந்த பிறகு போட்டுப் பம்பை ஓடவிடுங்கள். பகல் வெயில் குளோரினைத் தின்றுவிடும்.

காலையில் டெஸ்ட் கிட்டில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பி.எச். 7.2 முதல் 7.8 காட்டினால் பிள்ளைகளை இறக்கலாம். பி.எச். 8 தாண்டினால் குளோரினின் கிருமிக்கொல்லும் வேகம் வெகுவாகக் குறையும். இது தெரியாமல் மேலும் மேலும் குளோரினைக் கொட்டுபவர்கள் அதிகம். அப்போது தேவை ஆசிட். அதையும் தனி வாளியில், தண்ணீரில் ஆசிட்டாக, குளோரின் போட்டுப் பல மணி நேரம் கழித்தே சேர்க்க வேண்டும். குளத்தில் நெடி தூக்கினால் குளோரின் அதிகம் என்று நினைக்காதீர்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவாகும் குளோரமைனின் நாற்றம் அது. பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்றே அர்த்தம்.

அமெரிக்காவில் குளத்து மருந்தால் பாதிக்கப்பட்டு அவசர சிகிச்சைக்குப் போகிறவர்களில் மூன்றில் ஒருவர் 18 வயதுக்குக் கீழ். மருந்து கலக்கும்போது பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கக்கூடாது.

யாராவது வாயுவைச் சுவாசித்துவிட்டால் உடனே திறந்தவெளிக்குக் கூட்டி வாருங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். டப்பாவின் லேபிளைப் போனில் படமெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.