கழிமுகம் முதல் பழவேற்காடு வரை

திருத்தணி மலையின் படிகள் 365. அவற்றின்மேல் ஏறி நின்று நோக்கினால், குன்றுகளும் வயல்களும் ஏரிகளுமே கண்ணுக்குப் புலனாகும். கடலின் சாயலும் தென்படாது. ஆயினும், அவ்வூரை ஒட்டி ஓடும் நந்தியாற்றுக்குக் கடல் அயலன்று. அது நகரியாற்றோடு கூடிக் கொசத்தலையாற்றிற் கலக்கின்றது. 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கியது போக, எஞ்சிய நீர் எண்ணூர்க் கழிமுகத்தின் வழியாக வங்கக் கடலை அடைகின்றது. நம் ஊர் நீர் சென்று சேரும் இடத்தை ஒருமுறையேனும் காணவேண்டும் என்னும் ஆவல் எனக்கு இளமையிலேயே இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் அவ்வாவல் நிறைவேறிற்று. என் தந்தையாருக்கு அறிமுகமான எண்ணூர் மீனவப் பெரியவர் ஒருவர் தம் பாய்ப்படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார். படகில் அவருடைய மக்கள் இருவரும் இருந்தனர்.

விடியற்கு முன்பே புறப்பட்டோம். இரவில் கடலைவிட நிலம் விரைந்து குளிர்வதால், அந்நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அக்காற்றே எங்களை உள்ளே கொண்டு சென்றது. வெயில் ஏற ஏற அது ஓய்ந்தது, பாய் துவண்டது. படகு தொட்டில் போல ஆடத் தொடங்கவே, நான் காலையில் உண்ட பழஞ்சோறு முழுவதையும் கடலுக்கே காணிக்கையாக்கினேன். அதனைப் பற்றி மேலும் எழுதுதல் வேண்டா.

சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து நீரில் ஒரு கருமை படர்ந்து வந்தது. "சோழகம் வந்துவிட்டது, தம்பி" என்றார் பெரியவர். நூல்களில் நாம் தென்றல் என்று கற்கும் தென்காற்றைக் கடலோரத்தார் சோழகம் என்பர். மேற்கிலிருந்து வருவது கச்சான். வாடையும் கொண்டலும் நூலிலும் கடலிலும் ஒன்றே. கோடையில் சோழமண்டலக் கரையோரம் நீரோட்டமும் வடக்கு நோக்கியே செல்லும். காற்றும் நீரும் ஒருங்கே துணை செய்ய, படகு வடக்கே விரைந்தது. இன்று அக்கரையில் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்துள்ளன. அன்று நான் கண்டவை மணல்மேடும் பனையும் சவுக்குத் தோப்புமே.

பிற்பகலில் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் செய்த ஊர் அது. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஆழம் குறைவாக இருந்தமையால், அலை தணியும் வரை வெளியிலேயே நங்கூரமிட்டுக் காத்திருக்கப் பெரியவர் முடிவு செய்தார்.

நங்கூரத்தை வீசி எறிவார்கள் என்று எண்ணியிருந்தேன். அவ்வாறு செய்யவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்கள்: 5 பாகம். கைகள் இரண்டையும் விரித்த அளவு ஒரு பாகம். ஏறத்தாழ 6 அடி. குண்டு அடியில் தட்டிய விதத்தைக் கையால் உணர்ந்தே, "மணல், சேறு இல்லை" என்றார். பின்பு பாயை இறக்கி, அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினார்கள். படகு நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கிய பின்னரே நங்கூரத்தை மெல்ல இறக்கி, 20 பாகம் கயிறு விட்டார்கள். கரையில் ஒரு பனைமரம் கலங்கரை விளக்கத்திற்கு நேர் முன்னே நின்றது. "அவ்விரண்டையும் பார்த்துக்கொண்டிரு. பிரிந்தால் சொல்" என்று எனக்கு ஒரு பணி தந்தார்.

வேடிக்கைக்காகத் தந்த பணி என்றே கருதினேன். ஆனால் காற்று தென்கிழக்காகத் திரும்பி வலுத்தபோது, பனை விளக்கத்தை விட்டு விலகலாயிற்று. "ஐயா, பிரிகிறது!" என்று கூவினேன். பெரியவர் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார், அது நடுங்கிக்கொண்டிருந்தது. நங்கூரம் மணலில் பற்றாமல் இழுபடுகின்றது என்பது அதன் பொருள். எங்களுக்குப் பின்னே, கரையலைகள் வெண்ணுரையாக உடையும் ஓசை நன்றாகக் கேட்டது.

நான் கயிற்றை உள்ளே இழுக்கப் பாய்ந்தேன். அவர் என் கையை விலக்கி, கயிற்றை மேலும் வெளியே விட்டார். கரையை நோக்கி இன்னும் நெருங்கினோம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. 35 பாகம் சென்றதும் படகு ஒருமுறை குலுங்கி நின்றது. கயிறு குறுகினால் நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கும். நீண்டு சாய்ந்தால் கிடைமட்டமாக இழுக்க, அதன் கொக்கி மணலில் ஆழ்ந்து பதியும். நங்கூரத்தின் எடையைவிடக் கயிற்றின் நீளமே எங்களைக் காத்தது.

புயலில் இதுவும் பயன்படாது. சென்னையில் 1875-இல் துறைமுகப் பணி தொடங்குவதற்கு முன், கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, அடுத்த மாதமே தம் கப்பல்கள் சிலவற்றை அங்கே புயலுக்குப் பறிகொடுத்தார். அத்தகைய வேளையில் வடத்தை அறுத்துவிட்டு, கரையை விட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே மாலுமிகள் அறிந்த வழி.

பொழுது சாய்ந்தபின் காற்று தணிந்தது. பெரியவரின் மக்கள் மண்சட்டியில் மீன் குழம்பு வைத்தனர். இம்முறை அது என் வயிற்றில் தங்கிற்று. நள்ளிரவில் விழித்தபோது, முன்பு பின்புறம் இருந்த கலங்கரை விளக்கம் அணியத்திற்கு நேரே சுடர்விட்டுக்கொண்டிருந்தது. மீண்டும் இழுபட்டுவிட்டோமோ என்று அஞ்சிக் கயிற்றின்மேல் கை வைத்தேன். நடுக்கம் இல்லை. கரைக்காற்று எழுந்து, படகைத் திருப்பியிருந்தது.