மியூசியத்தில் குட்டிக் கால்கள்

ஆரணியில் பஸ் ஏறி சென்னை எழும்பூர் மியூசியம் போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். (வெள்ளிக்கிழமை விடுமுறை.) 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்று எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு போதும். முதலில் திமிங்கல எலும்புக்கூடு. பிறகு சோழர் காலச் செப்புத் திருமேனிகள். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளையிடம், "சாமி கட்டியிருக்கிற துணியில் மடிப்பு எங்கே?" என்று கேளுங்கள், தானே தேடும்.

வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீர் கொடுக்காமல் இருப்பது தப்பு. தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் தொற்று வர வழியாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அழைத்துப் போங்கள்.

பிள்ளை சிணுங்கினால் அடம் என்று அதட்டாதீர்கள், பெரும்பாலும் அசதிதான். நிழலில் உட்காருங்கள். 1851-ல் தொடங்கிய மியூசியம், எங்கேயும் ஓடிவிடாது. மீதியை அடுத்த லீவுக்கு வையுங்கள்!