எழுதிப் பேசலாம்

தொலைபேசிக்கு 1876-ஆம் ஆண்டு உரிமை பெற்றவர் கிரகாம் பெல். அவருடைய தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. அவர் மணந்த பெண்ணுக்கோ கொஞ்சமும் கேட்காது. உலகமே தொலைபேசியில் பேசத் தொடங்கியது. அவர் வீட்டில் இருந்த அந்த இருவருக்கும் அது பயன்படவில்லை!

காது கேளாதவர்கள் வெகு காலம் காத்திருந்தார்கள். நண்பரைப் பார்க்க வேண்டுமா? நேரில்தான் போக வேண்டும். அவர் வீட்டில் இருக்கிறாரா என்பது போன பிறகுதான் தெரியும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சலா? டாக்டருக்குப் போன் செய்யப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

88 ஆண்டுகள் இப்படியே போயின. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வழி பிறந்தது. ராபர்ட் வைட்பிரெக்ட் என்பவர் காது கேளாத விஞ்ஞானி. ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் காது கேளாத பல் மருத்துவர். டெலிபிரிண்டர் என்ற பழைய தட்டச்சு இயந்திரத்தைத் தொலைபேசியோடு இணைத்தால் என்ன என்று இவர்கள் நினைத்தார்கள். வைட்பிரெக்ட் அதற்கு ஒரு கருவி செய்தார். எழுத்தைத் தட்டினால் அது ஒலியாக மாறும். ஒலி தொலைபேசிக் கம்பியில் போகும். மறுமுனையில் மீண்டும் எழுத்தாகித் தாளில் அச்சாகும்.

ஒருவர் தட்டும்போது மற்றவர் தட்டக் கூடாது. ஆகவே, தாம் சொல்ல வேண்டியது முடிந்ததும் 'ஜி.ஏ.' என்று இரண்டு எழுத்து அடிப்பார்கள். 'இனி நீங்கள் சொல்லுங்கள்' என்று அதற்குப் பொருள்.

இன்று அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை. கைபேசி போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் சுமார் 50 லட்சம் பேருக்குக் காது கேட்பதில் குறை உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். அவரோடு எழுதிப் பேசுவது எப்படி?

அவரை அழைக்காதீர்கள். செய்தி அனுப்புங்கள். எழுதச் சோம்பல்பட்டுச் சிலர் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அவருக்கு அதனால் என்ன பயன்? ஒரு செய்தியில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள்.

"அண்ணா, நாளை காலை 9 மணிக்கு ரேஷன் கடை திறக்கும்."

"கார்டு கொண்டு வாருங்கள்."

பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.

பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் சொந்த மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழ் அவர்கள் பிறகு கற்ற மொழி. "நான் நாளை வந்தேன்" என்று அவர் எழுதக்கூடும். சிரிக்கக் கூடாது. நாமும் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தானே! "நாளை வருவீர்களா?" என்று திரும்பக் கேளுங்கள். விஷயம் தெளிவாகிவிடும். சைகை தெரிந்தவர்கள் வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம்.

ஆஸ்பத்திரியில் இது மிகவும் அவசியம். டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவார். உடன் வந்தவர், "ஒன்றுமில்லை, வீட்டில் சொல்கிறேன்" என்று கையை ஆட்டிவிடுவார். நோய் யாருக்கு? மருந்து சாப்பிடப் போவது யார்? அங்கேயே கைபேசியில் எழுதிக் காட்டுங்கள்.

"சர்க்கரை கூடியிருக்கிறது. மாத்திரை காலை 1, இரவு 1. சாப்பிட்ட பின்."

அவருக்கும் டாக்டரிடம் கேட்க ஏதாவது இருக்கும். கைபேசியை அவர் கையில் கொடுங்கள்.