இண்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைக்குக் கோட்டு அவசியமா?

நம் பாட்டனார் காலத்தில் இண்டர்வியூ என்ற பேச்சே இல்லை. ஊரிலிருந்து மாமுவோ மச்சானோ எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தால் போதும். கப்பலேறி வந்தவன் கடையின் பின்கட்டில் பாயை விரித்துப் படுத்துவிட்டு, மறுநாள் சுபுஹுக்குப் பின் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். அவனை எடை போட்டவர் முதலாளி ஒருவரே. என்ன உடுத்தி வந்தான் என்று அவர் அதிகம் பார்த்ததில்லை. கணக்குச் சொல்ல வருமா, கை சுத்தமா என்றுதான் பார்த்தார்.

இன்று நம் பிள்ளைகள் போய் நிற்கும் வாசல் வேறு. ரப்பர் மரமும் ஈயச் சுரங்கமுமாக இருந்த நம் கூலிம் வட்டாரத்தில், 1996-ல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல், 2006 முதல் இன்பினியன், 2024-ல் திறப்பு விழாக் கண்ட ஆஸ்திரிய நாட்டு ஏடி அண்ட் எஸ் என்று பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன. கடையில் நின்று சில்லறை எண்ணிய பையன் பட்டம் வாங்கி, அந்த ஆலைகளில் ஒன்றுக்கு மனுப் போடுகிறான். அழைப்பு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அத்தா, கோட்டு வேண்டுமா?" என்பதுதான். தகப்பனாருக்கோ இண்டர்வியூ கண்ட பழக்கமில்லை. ஆகையால் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதென்று துணிக்கடைக்காரர் தம் கடைத் துணியையே கிழித்துத் தையற்காரரிடம் அனுப்புகிறார். மளிகைக்காரர் பினாங்குக்குப் போய் ரெடிமேட் வாங்குகிறார். வசதியில்லாதவர் மருமகனின் கல்யாணக் கோட்டை இரவல் கேட்கிறார். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். பழக்கமில்லாத கோட்டுக்குள் பையன் மரம்போல விறைத்து உட்கார்ந்து, தெரிந்த பதிலையும் மறந்துவிட்டால் என்ன செய்வது? அதுவே நம் கவலை.

"திறமை இருந்தால் உடை எதற்கு?" என்று கேட்கும் அன்பர்களும் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானது. 2014-ஆம் ஆண்டு சென்னையில் நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக, கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நுழைய விடவில்லை. ஊரே கொதித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் அப்படித் தடுப்பது குற்றமென்று சட்டம் இயற்றியது. கிளப் வாசலுக்குச் சட்டம் செய்யலாம். ஆனால் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குச் சட்டம் செய்ய முடியுமா? அவர் நம் பிள்ளையை அதற்கு முன் கண்டதில்லை. அரை மணி நேரந்தான் காணப் போகிறார். கடைக்குள் நுழையும் புது வாடிக்கையாளரை நாமும் முதலில் கண்ணால்தானே அளக்கிறோம்!

நாம் சொல்லும் வழி எளிது. அந்த உத்தியோகத்தில் இருப்பவர் சாதாரண வேலை நாளில் என்ன உடுத்துகிறாரோ, அதற்கு ஒரு படி மேலே உடுத்திப் போனால் போதும். இரண்டு படி வேண்டாம். அவர் என்ன உடுத்துகிறார் என்று எப்படி அறிவது? சரக்குப் போடுமுன் தெருவில் என்ன ஓடுகிறது என்று பார்க்கிறோமல்லவா, அதுபோலத்தான். ஆலை வாசலுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் மதிய வேளையில் ஒரு தே தாரிக் குடித்தால், வெளியே வரும் இஞ்சினியர்களின் உடை தெரிந்துவிடும். பெரும்பாலும் கம்பெனிச் சட்டை, அல்லது காலர் வைத்த பனியன், கழுத்தில் அடையாள அட்டை. அதற்கு ஒரு படி மேலே என்றால் தேய்த்த முழுக்கைச் சட்டை, கறுப்பு அல்லது கருநீலக் காற்சட்டை, துடைத்த தோல் காலணி. டை கட்டினால் தவறில்லை. கோட்டு அங்கே தேவையில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

அதற்குக் காரணமும் உண்டு. சில்லு செய்யும் ஆலையில் தூசுதான் பகை. பழைய கணக்கில் 'நூறாம் வகுப்பு' என்று சொல்லப்படும் தூய அறையில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அளவோ அதற்கு மேலோ உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. அரை மைக்ரான் என்பது தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு! மனிதனின் தோலும் துணியும் ஓயாமல் துகளை உதிர்த்துக்கொண்டே இருப்பவை. ஆதலால் உள்ளே போகிறவர், யாராயினும், தலை முதல் கால் வரை மூடும் அங்கியை மாட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த அங்கிக்குள் இத்தாலியக் கோட்டும் ஒன்றுதான், சந்தைச் சட்டையும் ஒன்றுதான். அங்கே பழகியவர்கள் கோட்டைக் கண்டு மயங்குவது அரிது.

நம் சீதோஷ்ணத்தையும் நினைக்க வேண்டும். கம்பளிக் கோட்டு குளிர் நாட்டில் பிறந்த உடை. மலாயாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரிகளே இங்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைப் பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். 'தூத்துப்' என்று அதற்குப் பெயர். ஜப்பானிய அரசாங்கம் 2005-ல், கோடையில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைத்து, டையும் கோட்டும் இல்லாமல் வேலைக்கு வரும்படி பிரசாரமே செய்தது. நம் அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமைதோறும் பாத்திக் சட்டை அணிவதை எல்லோரும் அறிவோம்.

அப்படியானால் கோட்டே வேண்டாமா என்றால், அதுவுமல்ல. வக்கீல் தொழிலுக்குப் போகிறவனுக்குக் கறுப்புக் கோட்டு அவசியம். நீதிமன்றத்தில் அது இல்லாமல் நிற்க முடியாது. கோலாலம்பூரில் வங்கியின் அதிகாரிப் பயிற்சிக்கும், பெரிய கணக்காய்வு நிறுவனங்களுக்கும் கோட்டு அணிந்து போவது நலம். அரசாங்க உத்தியோகத்துக்கான அழைப்பில் உடை பற்றி ஒரு வரி இருந்தால் அதன்படியே செய்ய வேண்டும். அங்கே நம் அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

வாங்குவதென்று முடிவானால், துணி வியாபாரிகளாகிய நமக்குத் துணியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விளக்கொளியில் பளபளக்கும் பாலியெஸ்டரை விட்டு, மங்கலான கருநீலமோ சாம்பலோ எடுக்கலாம். தோள்தான் முக்கியம். தோள் தையல் பையனின் தோள் முனையில் நிற்க வேண்டும். கை நீளத்தையும் இடுப்பையும் தையற்காரர் திருத்துவார், தோளைத் திருத்துவது பெரும்பாடு. பின் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் வெள்ளை நூலையும், கையில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டையும் வெட்டிவிட வேண்டும். அதை விலையுயர்ந்த அடையாளமென்று நினைத்து விட்டுவைக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள்! இரண்டு பொத்தான் கோட்டில் கீழ்ப் பொத்தானைப் போடுவதில்லை. உட்காரும்போது மேல் பொத்தானையும் கழற்றிவிடுவது வழக்கம். டையின் நுனி பெல்ட்டைத் தொட்டால் போதும். டையின் பின்புறச் சீட்டையும் படிக்க வேண்டும். முழுப் பட்டு ஆண்களுக்கு ஆகாது என்பது நாம் அறிந்ததே. பாலியெஸ்டர் டைக்கு அந்தத் தடையில்லை. இரவல் கோட்டு வேண்டவே வேண்டாம். அளவு தப்பிய கோட்டைவிட அளவான சட்டை எவ்வளவோ மேல்.

சொங்கோக் பற்றியும் கேட்கிறார்கள். நாள்தோறும் அணிகிறவன் அணிந்தே போகட்டும். அன்றைக்கு மட்டும் தேடி எடுத்து வைத்தால் அடிக்கொரு தரம் கை தலைக்குப் போகும். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமமே இல்லை. பாஜு கூரோங்கும் தலைத்துணியும் இந்நாட்டில் எந்தச் சபைக்கும் ஏற்ற முறையான உடை. ஒரே நிறமாக இருந்து, பூவேலை குறைவாக இருந்தால் சரி. அவளுக்குத் தனியாகக் கோட்டு தைக்கச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல காலணியும் சான்றிதழ்கள் வைக்க ஒரு தோல் உறையும் வாங்கிக் கொடுக்கலாம்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். கைலியோடு காரோட்டி வரும் அத்தாவை, ஆலை வாசலுக்கு நூறு கஜம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. அத்தாவும் புரிந்துகொண்டு நிறுத்திவிடுகிறார். உள்ளே போனதும், "உன் தகப்பனார் என்ன செய்கிறார்?" என்ற கேள்வி வரக்கூடும். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறார், பள்ளி விடுமுறையில் நானும் கல்லாவில் இருந்து கணக்குப் பார்த்திருக்கிறேன் என்று ஒருவன் நிமிர்ந்து சொன்னால், கேட்கிறவர் அந்தப் பையனைப் பற்றி ஏதோ ஒன்றை அறிந்துகொள்வார். காரை வாசலிலேயே நிறுத்தலாம் என்பது நம் எண்ணம்.

நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், அரசாங்க அலுவலகங்களில் ஞாயிறன்றே அழைப்பு இருக்கலாம். சனிக்கிழமை மாலையே சட்டையைத் தேய்த்து மாட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை இரவு கடை அடைத்த பிறகு, அன்று அணியப் போகும் உடையை முழுவதும் அணிந்து, காலணியும் மாட்டிக்கொண்டு, கல்லாவுக்கு எதிரே உள்ள முக்காலியில் பையன் அரை மணி நேரம் உட்காரட்டும். அத்தா முதலாளியாக இருந்து கேள்வி கேட்கட்டும்: ஏன் இந்த வேலை, என்ன படித்தாய், எங்கே தவறு செய்தாய், எப்படிச் சரி செய்தாய். பையன் ஒருமுறைகூடக் காலரை இழுத்துவிடாமல் பதில் சொன்னால் அந்த உடை சரி. இழுத்துக்கொண்டே இருந்தால், மாற்றிக்கொள்ள இன்னும் ஒரு நாள் இருக்கிறது.