உயரத்தைப் பார்க்காதே, எடையைப் பார்!



நமக்குத் தண்ணீர் என்றால் மழைதான். மழை பெய்யும், அணை நிரம்பும், பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கதை வேறு. அங்கே கோடையில் மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் சியரா நெவாடா மலைகளில் விழும் பனிதான் பிறகு மெல்ல உருகி ஆறுகளுக்கு வருகிறது. மாநிலத்தின் தண்ணீர்த் தேவையில் ஏறக்குறைய 30 விழுக்காடு இப்படிக் கிடைப்பதுதான்.

சரி, கோடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? பனியின் உயரத்தை அளந்தால் போதாதா? போதாது. புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. 10 அங்குலம் உருகினால் சுமார் 1 அங்குலத் தண்ணீர்தான். வசந்த காலத்தில் இறுகிப்போன பனியோ, அதே 10 அங்குலத்தில் 4 அங்குலத் தண்ணீரைக்கூட வைத்திருக்கும். பார்த்தால் ஒரே உயரம். உள்ளே இருப்பது வேறு!

இதற்கு வழி கண்டவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் மொழி கற்பித்த ஆசிரியர். 1900-களின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் ஏறி ஆராய்ந்தார். உள்ளே வெறுமையான ஒரு நீளக் குழாயைப் பனியில் அடிவரை செருகி, உள்ளே சிக்கிய பனியோடு எடை போட்டார். குழாயின் வாய் அளவு ஒரு கணக்கோடு அமைந்தது: 1 அவுன்ஸ் பனி என்றால் 1 அங்குலத் தண்ணீர். எவ்வளவு எளிமை, பாருங்கள்!

இன்றும் அந்தக் குழாய் பயன்பாட்டில் உள்ளது. ஆள் போக முடியாத இடங்களில் 'பனித் தலையணை' இருக்கிறது. உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பை அது. மேலே விழும் பனியின் பாரத்தை உணர்ந்து, தானாகவே தகவல் அனுப்பும்.

பனி பொதுவாக உச்சத்தில் இருப்பது ஏப்ரல் 1 வாக்கில். 2015-இல் அதே நாளில் பிலிப்ஸ் என்னும் இடத்தில் அளக்கப் போனார்கள். வழக்கமாக 5 அடிக்கு மேல் பனி நிற்கும் இடம். அன்று வெறும் புல்தரை! மாநிலம் முழுவதும் சராசரியில் 5 விழுக்காடு பனிதான் இருந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்தப் புல்தரையிலேயே நின்று, நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். கோடை வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அளவு தெரிந்தவன்தான் நேரத்தோடு முடிவெடுக்க முடியும். பைப் காய்ந்த பிறகு வாளியைத் தேடிப் பயனில்லை.

சிந்திக்க: உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த அணையிலிருந்து, எந்த ஆற்றிலிருந்து வருகிறது? அடுத்த வகுப்புக்குள் விசாரித்துவிட்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.