அசெம்பிளா, ரெடிமேடா? முதல்ல மதர்போர்டைப் பாருங்க

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கணும்னு யார் கேட்டாலும் நம்ம ஹாஸ்டல்ல ஒரே பதில்தான்: "அசெம்பிள் பண்ணு மச்சி, அப்புறமா அப்கிரேட் பண்ணிக்கலாம்." இது பாதி உண்மை. எங்க சிங்கவரம், செஞ்சி பக்கம் மல்லாட்டை வித்த காசுல பல வருஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் வாங்குற வீடுகளுக்கு மீதிப் பாதியும் தெரிஞ்சிருக்கணும்.

2017-ல் இரண்டு கம்ப்யூட்டர்

2017 தொடக்கத்தில் ஒரு வீட்டில் இன்டெல் 7-வது தலைமுறை பிராசஸர், இன்னொரு வீட்டில் ஏ.எம்.டி ரைசன் 1000 சீரிஸ் வாங்கினாங்கன்னு வெச்சுக்குவோம். இரண்டுமே அசெம்பிள் செய்தவை. 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-வது தலைமுறை, ரைசனில் 2000 சீரிஸிலிருந்துதான் அதிகாரப்பூர்வ அனுமதி. ஆக, இரண்டு வீட்டுக்கும் சிக்கல்.

ஆனா தீர்வு ஒண்ணு இல்லை. இன்டெல்லின் 8-வது தலைமுறைக்கும் அதே 1151 பின் சாக்கெட்தான். இருந்தும் பழைய போர்டில் அது வேலை செய்யாது, 300 சீரிஸ் போர்டு வேணும். அதனால முதல் வீட்டுக்காரர் பிராசஸரோடு மதர்போர்டையும் மாத்தணும். ரைசனின் ஏ.எம்.4 சாக்கெட் 5000 சீரிஸ் வரைக்கும் தொடர்ந்தது. போர்டு கம்பெனி பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தா, இரண்டாவது வீட்டில் பிராசஸரை மட்டும் மாத்தினா போதும்.

இரண்டும் அசெம்பிள்தான். வித்தியாசம் சாக்கெட்டில் இருக்கு.

செஞ்சிக் கோட்டை 1677-ல் மராத்தியர், 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர்னு கைமாறிக்கிட்டே இருந்தது. மதில்களைப் பலப்படுத்தினாங்க, ஆனா மலை அதேதான். கம்ப்யூட்டர்ல அந்த மலை மதர்போர்டு.

எதில் காசு போடணும்?

முதலில் சாக்கெட். 2022-ல் வந்த ஏ.எம்.5-க்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டுன்னு ஏ.எம்.டி அறிவிச்சிருக்கு. இன்டெல்லின் எல்.ஜி.ஏ 1700 போர்டு 12, 13, 14-வது தலைமுறைகளோடு முடிஞ்சுபோச்சு.

அடுத்து ரேம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தாது. நாலு ஸ்லாட் உள்ள போர்டு நல்லது. இரண்டே ஸ்லாட்னா 8 ஜிபி இரண்டு போடாம, 16 ஜிபி ஒண்ணு போட்டு இன்னொன்றைக் காலியா விடுங்க. வேகம் கொஞ்சம் குறையும். ஆனா பிறகு கூட்டும்போது பழசைக் கழட்ட வேண்டியிருக்காது.

மூணாவது எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமா வர்றதை நம்பாதீங்க. அது மோசமா பழுதானா மத்த பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். கரன்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல யு.பி.எஸ்ஸும் கட்டாயம். 600 வி.ஏ யு.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டா அது பத்தாது.

பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பிறகு மாத்திக்கலாம். அதில் முதல் நாளே மொத்தக் காசையும் கொட்ட வேண்டாம்.

ரெடிமேட் எப்போ சரி?

பில் கட்ட, ஆன்லைன் விண்ணப்பம் போட, தம்பி தங்கச்சி படிக்க மட்டும்னா ரெடிமேட் தப்பே இல்லை. அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி. எது பழுதுன்னு நாமே கண்டுபிடிச்சு அந்தப் பாகத்தைக் கொண்டுபோகணும். ரிச்சி தெருவில் வாங்கினா விலை குறையலாம். ஆனா சென்னை இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். பிளேஸ்மென்ட் கிடைச்சு நாம வெளியூர் போயிட்டா வீட்டில் யார் ஸ்க்ரூடிரைவர் எடுப்பாங்க? அப்பாவா? யோசிச்சுப் பாருங்க.

ரெடிமேட் வாங்கும்போது கடைக்காரரிடம் மூணு கேள்வி கேளுங்க:

1. வீட்டுக்கே வந்து சர்வீஸ் பண்ணுவாங்களா? எங்க பின்கோடுக்கு அது உண்டா?
2. ரேம் ஸ்லாட்டும் எஸ்.எஸ்.டி ஸ்லாட்டும் காலியா இருக்கா, இல்ல ரேமை போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்காங்களா?
3. மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் பொதுவான ஏ.டி.எக்ஸ் அளவா, அந்தக் கம்பெனிக்கே உரிய தனி அளவா?

மூணாவதுக்கு "தனி அளவு"ன்னு பதில் வந்தா, வாரன்டி முடிஞ்ச பிறகு எஸ்.எம்.பி.எஸ் போனாலும் அந்தக் கம்பெனியோட பாகத்தைத்தான் தேடணும். உள்ளூர் கடையில் கிடைக்காது.

வீட்டில் திறந்து பார்க்க ஆள் இருந்தா அசெம்பிள் பண்ணுங்க, நல்ல போர்டில் தொடங்குங்க. ஆள் இல்லைன்னா, இரண்டு ஸ்லாட்டாவது காலியா உள்ள ரெடிமேட் வாங்கி, பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க.